உப்பு மழையில் ஒரு நகுமோமு

இந்த வாரம் ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.காம். முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் சும்மா இருந்த 2002-ல் ஒரு சிறுபத்திரிகையில் என் முதல் இசை விமர்சனம் வெளியானது. அச்சடித்ததே 300 பிரதி. அதில் பாதி, ஆசிரியர் குடியிருந்த மாடி அறையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆக, ஒரு ஐம்பது பேர் படித்திருந்தால் அதிகம். அந்த ஐம்பது பேரில் யாராவது இப்போது இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால், இது அவர்களுக்குத்தான். மற்றவர்கள் கூடவே வாருங்கள், நஷ்டமில்லை.

நான் விமர்சித்தது 'சால்ட் ரெயின்' என்ற ஆல்பத்தை. பாடியவர் சுசீலா ராமன். 2001-ல் வந்தது. அவருடைய முதல் ஆல்பம். சிங்கப்பூரில் வேலையாக இருந்த நண்பன் காப்பியடித்து அனுப்பிய சி.டி. அதன்மேல் மார்க்கர் பேனாவில் 'உங்க ஊர்ப் பொண்ணு' என்று எழுதியிருந்தான். கேட்டேன். மூன்று பக்கத்துக்கு வெளுத்து வாங்கினேன். 'வாழை இலையில் பீட்ஸா' என்பது அதில் நான் பெருமைப்பட்ட உவமை. இப்போது நினைத்தால் கூசுகிறது. உவமைக்காக மட்டும் இல்லை.

உங்க ஊர்ப் பொண்ணு என்றானே, அது வாஸ்தவம்தான். சுசீலா ராமனின் பெற்றோர் தஞ்சாவூர்க்காரர்கள். அறுபதுகளில் இங்கிலாந்துக்குப் போனவர்கள். மகள் 1973-ல் லண்டனில் பிறந்தார். நாலு வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா. வீட்டில் தமிழும் கர்நாடக சங்கீதமும் விட்டுப்போய்விடக் கூடாது என்பதில் பெற்றோர் கறாராக இருந்திருக்கிறார்கள். சின்ன வயசிலேயே மேடையில் கீர்த்தனை பாட வைத்துவிட்டார்கள். அப்புறம் என்ன நடக்கும்? எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பதின்வயதில் பெண் சிட்னியில் ஒரு பேண்டு ஆரம்பித்து ராக் பாடப் போய்விட்டது. அதிலிருந்து ப்ளூஸ், ஜாஸ். பிறகு 1995-ல் இந்தியா வந்து திரும்பவும் பாட்டு கற்றுக்கொண்டார். இந்த முறை இந்துஸ்தானி பாடகி ஸ்ருதி சடோலிகரிடமும். 1997-ல் லண்டன் திரும்பி சாம் மில்ஸ் என்ற கிதார்காரரோடு சேர்ந்து வேலையைத் தொடங்கி, நாலு வருஷம் கழித்து இந்த ஆல்பம்.

கவனியுங்கள், 28 வயதை ஒட்டித்தான் முதல் ஆல்பம். நம் ஊர்க் கணக்கில் அது ரிட்டயர்மெண்ட் வயசு. 12 வயதில் அரங்கேற்றம், 20-ல் டிசம்பர் சீசனில் மத்தியான ஸ்லாட், 28-ல் 'சீனியர் ஆர்ட்டிஸ்ட்' என்பதுதான் இங்கே வழக்கம். இவர் பாட்டைக் கற்று, விட்டு, வேறு பாட்டுக்குப் போய், திரும்பி வந்து, அதற்குப் பிறகு வாயைத் திறந்தார். ஆல்பம் முழுக்க அந்த 'திரும்பி வந்த' தொனி இருக்கிறது. அன்றைக்கு என் காதில் அது விழவில்லை. விழுந்ததெல்லாம் வேறு.

என்ன விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். சங்கதிகள் குறைவு. கமகம் போதாது. சாகித்யத்தின் உச்சரிப்பில் வெள்ளைக்கார வாடை. மிருதங்கம் இருக்க வேண்டிய இடத்தில் தபலா. வயலினுக்குப் பதில் கிதார். நிரவல் இல்லை, கல்பனாஸ்வரம் இல்லை. ஒவ்வொரு பாட்டும் ஆரம்பித்த மாதிரியே முடிகிறது. ஒரு ஆடிட்டர் வவுச்சர் கேட்பதுபோல வரிசையாகக் கேட்டிருந்தேன். எதற்கும் வவுச்சர் இல்லை. டிஸ்மிஸ்.

பி.காம். படித்தவன் செய்யக் கூடாத தப்பு ஒன்றை அதில் செய்திருக்கிறேன். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்: வருவதைப் பற்று வை, போவதை வரவு வை. ரெண்டு பக்கமும் எழுதினால்தான் அது கணக்கு. நான் போனதை மட்டும் எழுதினேன். என்ன உள்ளே வந்தது என்ற பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டேன்.

*

முதலில் அந்த கிதார், செல்லோ சமாசாரத்தை முடித்துவிடுவோம். ஏனென்றால் அதில்தான் நான் ரொம்பக் கோபப்பட்டிருந்தேன். 'தஞ்சாவூர் மண்ணின் இசைக்கு' என்று வேறு எழுதியிருந்தேன். தஞ்சாவூர் மண்ணைப் பற்றி அப்போது எனக்கு என்ன தெரியும்? அங்கே பிறந்திருந்தேன், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் அரண்மனையில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே, அதாவது 1798-க்கும் 1832-க்கும் நடுவில், வெள்ளைக்கார வாத்தியங்களோடு ஒரு பேண்டு இருந்தது. வயலின் என்கிற ஐரோப்பிய வாத்தியம் நம் கச்சேரிக்குள் நுழைந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் கடைக்குட்டியான வடிவேலு அதில் கெட்டிக்காரர். திருவாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தில் இழைத்த வயலினையே பரிசாகக் கொடுத்தார். முத்துசுவாமி தீட்சிதரோ ஒரு படி மேலே. கும்பினிக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். 'நோட்டுஸ்வரம்' என்று இன்றைக்கும் பாட்டு கிளாஸில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு. சதிர்க் கச்சேரியில் கிளாரினெட் வாசித்ததும் இதே ஊர்தான். ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பிரம்மாண்டமான இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டதும் தஞ்சாவூரில் இருந்துதான்.

இப்படி எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கித் தன் சுருதிக்குத் திருப்பிக்கொண்ட ஊர் அது. அந்த ஊர்க்காரன் நான், ஒரு கிதாரைப் பார்த்து மிரண்டு போயிருக்கிறேன்!

கிதார் வாசித்த சாம் மில்ஸ் அப்போதே பழுத்த ஆள். லண்டனில் '23 ஸ்கிடூ' என்ற சோதனை முயற்சிக் குழுவில் இருந்தவர். வங்காளத்து பாவுல் பாடகர் பபன் தாஸ் பாவுலோடு சேர்ந்து 1997-ல் 'ரியல் சுகர்' என்ற ஆல்பத்தைச் செய்தவர். சுசீலாவின் ஆல்பத்தைத் தயாரித்ததும் அவர்தான். வாழ்க்கைத் துணையும் அவரே. அந்த ஆல்பத்திலும் அதையொட்டிய மேடைகளிலும் சுசீலாவைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள். தபலாவுக்கு அரெஃப் தர்வேஷ். பேஸ் கிதாருக்கு கேமரூனில் பிறந்த ஹிலேர் பெண்டா. தாளத்துக்கு கினி-பிசாவ் நாட்டைச் சேர்ந்த ஜானுனோ டாபோ. செல்லோவுக்கு பிரெஞ்சுக்காரர் வின்சென்ட் செகால். புதுமுகப் பாடகி ஒருவருக்குப் பின்னால் நாலு தேசத்துக் கைதேர்ந்த ஆட்கள்.

கைதேர்ந்தவர்களோடு ஒரு தொல்லை உண்டு. கல்யாணக் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள். பாடுகிறவர் சின்னவராக இருந்து பக்கவாத்தியம் சீனியராக இருந்தால், தனி ஆவர்த்தனம் பாட்டின் முதல் வரியிலேயே ஆரம்பித்துவிடும். பாவம் அந்தப் பிள்ளை, ஒதுங்கி நின்று தாளம் போட்டுக்கொண்டிருக்கும். 'சால்ட் ரெயின்' கேட்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது அந்த அமர்க்களம் இல்லாததை. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்காமல் இருக்கிறார்கள். ஒரு நல்ல சமையல்காரர் உப்பை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த மாதிரி.

இன்னொன்று, நுட்பமானது. கச்சேரியில் வயலின் என்ன செய்யும்? பாடுகிறவர் போகிற வழியெல்லாம் நிழலாகப் பின்தொடரும். பாடகர் ஒரு பிடி பிடித்தால் அதையே திருப்பிச் சொல்லும். அதாவது மேடையில் எப்போதும் 'ஆமாம், ஆமாம்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். இந்த ஆல்பத்தில் கிதார் அப்படிப் பின்தொடருவதில்லை. அது தன் பாட்டுக்கு ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. தரை போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தரைமேல் பாடுகிறவர் தனியாக நடக்கிறார். பேச்சுத்துணை இல்லை. அதனால்தான் அந்தக் கனமான, லேசாகக் கரகரக்கிற, கீழ் ஸ்தாயியிலேயே உட்கார்ந்துவிட ஆசைப்படுகிற குரல், நமக்காகப் பாடுவதுபோல இல்லாமல் தனக்குத்தானே முணுமுணுப்பதுபோலக் கேட்கிறது.

*

ஆல்பம் 'கணபதி'யில் ஆரம்பிக்கிறது. எந்த ஊரில் எந்த வாத்தியத்தோடு பாடினாலும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்தது மறக்கவில்லை போலிருக்கிறது. பிறகு மைசூர் வாசுதேவாசாரின் 'மாமவது', காமாட்சிமேல் ஒரு பாட்டு, நகுமோமு என்று கீர்த்தனைகள் ஒரு பக்கம். தலைப்புப் பாட்டான 'சால்ட் ரெயின்' போன்ற சொந்தச் சரக்கு இன்னொரு பக்கம். இவற்றுக்கு நடுவில் டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்', டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' படத்தில் மோக்லியைத் தூங்கவைத்து விழுங்கப் பார்க்கும் மலைப்பாம்பின் தாலாட்டு. ஆமாம், அந்தப் பாம்புப் பாட்டேதான்.

இதை அவியல் என்று எழுதியிருந்தேன். இன்றைக்குக் கேட்டால் ஒரு பெண்ணின் ஞாபக வரிசை மாதிரி இருக்கிறது. சிட்னியில் வளர்ந்த தமிழ்க் குழந்தைக்குச் சனிக்கிழமை காலையில் பாட்டு கிளாஸ், சாயங்காலம் வீடியோவில் கார்ட்டூன். ரெண்டும் ஒரே அறைதானே? எது 'நம்முடையது', எது 'அவர்களுடையது' என்ற பிரிவினை பெற்றோருக்கு இருந்திருக்கும். குழந்தைக்கு எல்லாமே சின்ன வயசுப் பாட்டு.

சரி, நகுமோமு.

திருவையாற்றில் காவிரிக்கரையில் இருந்துகொண்டு தியாகராஜர் செய்த கீர்த்தனை. 1767-ல் திருவாரூரில் பிறந்து, 1847-ல் திருவையாற்றில் சமாதியானவர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடியவர். 'சிங்கர்-சாங்ரைட்டர்' என்று இங்கிலீஷில் பெரிதாகச் சொல்கிறார்களே, அதற்கு நம் ஆட்கள் எப்போதோ 'வாக்கேயகாரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பாட்டைச் சொந்தக் குரலில் பாடுவது டெல்டாவுக்குப் புதுசு இல்லை. தேவாரக் காலத்தில் இருந்தே அங்கே அது குடிசைத்தொழில்.

அந்தப் பாட்டின் விஷயம் என்ன தெரியுமா? எனக்கு 22 வயதில் தெரியாது. தெலுங்கு. நம்மில் பாதிப் பேர் அர்த்தம் தெரியாமல்தான் ஐம்பது வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். (இப்படி இருந்துகொண்டு நான் உச்சரிப்பைக் குறை சொன்னேன் பாருங்கள்!) சிரித்த முகத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கிறவனின் புகார் அது. என் நிலைமை தெரிந்தும் ஏன் வரவில்லை என்று ராமனைக் கேட்கிறார். சரணத்தில் கேள்வி கருடன்மேல் திரும்புகிறது. நீ கிளம்பச் சொல்லியும் அந்தப் பட்சிராஜன் வேகமாகக் கிளம்பவில்லையா? வானத்துக்கும் பூமிக்கும் தூரம் ரொம்ப அதிகம் என்று ஏதும் சாக்குச் சொன்னானா?

தூரம். பாட்டே தூரத்தைப் பற்றியது.

நானும் நீங்களும் சபாவில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கிறபோது, அந்தத் தூரம் ஆபேரி ராகத்தின் அழகில் கரைந்துபோய்விடுகிறது. முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டில் தொடங்கி, 1988-ல் மோகன்லால் நடித்த 'சித்ரம்' வரை அது கொண்டாட்டமான பாட்டாகவே ஆகிவிட்டது. தஞ்சாவூரில் இருந்து கிளம்பியவர்களுக்கு லண்டனில் பிறந்து, சிட்னியில் வளர்ந்து, மறுபடியும் லண்டன் வந்த ஒரு பெண் பாடும்போது தூரம் திரும்பவும் தூரமாகவே இருக்கிறது. விமானம் ஏறினால் கடக்கக்கூடிய தூரம் இல்லை அது. சங்கதிகளை அடுக்காமல், அவசரப்படாமல், கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவிட்டுப் பாடுகிறார். நான் 'நிரவல் இல்லை' என்று எழுதியது இந்த இடத்தைத்தான். நிரவல் செய்தால் அது கச்சேரி. இவர் பதில் வராத கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்.

'ஆனாலும் சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கே சார்' என்பவர்களுக்கு ஒரே ஒரு தகவல். இன்றைக்கு நாம் பாடும் நகுமோமுவின் ஆபேரியே பழைய ஆபேரி இல்லை, தைவதம் மாறியிருக்கிறது, ராகத்தின் பெயரே வேறாக இருக்க வேண்டும் என்று வித்வான்களுக்குள் ரொம்ப நாளாக வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வழக்கு முடியவில்லை. பாட்டு நடந்துகொண்டே இருக்கிறது. அதுமட்டுமா? அதே தியாகராஜர் ஆராதனையில் ஒரு காலத்தில் பெண்கள் பாடவே கூடாது என்று தடுத்தார்கள். சொந்தப் பணத்தைப் போட்டு அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே தனியாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டுதான் பாட வேண்டியிருந்தது. எல்லாக் கட்சிகளும் ஒன்றாக 1940-களின் தொடக்கம் ஆயிற்று. எது சம்பிரதாயம், எது சில பேரின் பிடிவாதம் என்று பிரிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

*

அதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. பாக்கியைத் தீர்க்க வந்தவன் வட்டிக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

'மாமவது' நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பாதிப் புண்ணியம் ஹிந்தோளத்துக்குப் போக வேண்டும். ஐந்தே சுரம். ப்ளூஸ்காரர்களுக்கும் கிதார்காரர்களுக்கும் ஐந்து சுர ராகம் என்றால் மாமியார் வீட்டு விருந்து மாதிரி. எங்கே கை வைத்தாலும் ருசிக்கும். அதையே ஒரு சாதனையாகச் சொல்ல முடியாது. ஆபேரியில் அந்தக் காந்தாரம் அசைய வேண்டிய அளவு அசையவில்லை என்று 2002-ல் எழுதியதை இப்போதும் வாபஸ் வாங்கமாட்டேன். பாம்புப் பாட்டு முதல் தடவை கேட்கும்போது சிரிப்பு வருகிறது. மூன்றாவது தடவை, 'பார், எவ்வளவு சாமர்த்தியமான தேர்வு' என்று அதுவே நம் விலாவில் இடிக்கிறது.

பெரிய குறை ஒலிப்பதிவின் நாகரிகம். எல்லாம் துடைத்து வைத்த பித்தளைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கிறது. 2001-ல் 'வேர்ல்டு மியூசிக்' என்று கடைகளில் ஒரு அலமாரி வைத்திருந்தார்கள். ஐரோப்பா, அமெரிக்கா தவிர்த்த மீதி உலகம் முழுக்க அந்த ஒரே தட்டில். அந்தத் தட்டில் கூச்சல் போட்டால் விற்காது என்ற பயம் சில பாட்டுகளில் தெரிகிறது. அளவாக, காபி ஷாப்பில் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல். அந்தக் குரலுக்குள் ஒரு ஆவேசம் இருக்கிறது என்பதை 2011-ல் 'வேல்' ஆல்பத்தில், முருகன் பாட்டுகளோடு தமிழில் முழுமூச்சாக இறங்கியபோதுதான் நாம் கேட்க முடிந்தது. அதற்கு முன்னால் 2003-ல் 'லவ் டிராப்', அதில் நைஜீரியாவின் மாபெரும் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலன். 2005-ல் 'மியூசிக் ஃபார் கிராக்கடைல்ஸ்', அதில் ஒரு பகுதிக்கு நம் சென்னையிலேயே ஒலிப்பதிவு. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்திருக்கிறார். முதல் ஆல்பம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரம்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது இந்த முதலாவதுதான். வேல் தூக்கியவரைவிட வாசலில் தயங்கி நின்றவரோடு சுலபமாகப் பேச முடிகிறது.

வெளியே இதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸில் நன்றாக விற்றது. பி.பி.சி. ரேடியோ 3 அடுத்த வருஷம் சிறந்த புதுமுகம் என்று விருது கொடுத்தது. இங்கிலாந்தில் அந்த ஆண்டின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் ரேடியோஹெட் போன்ற பெருந்தலைகளோடு இதுவும் இருந்தது. பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போனது. அறிவித்த தேதி 2001 செப்டம்பர் 11. அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் பாட்டுக் கேட்கிற மனசு இல்லை.

ஒன்று விட்டுப்போச்சு, தலைப்பு. உப்பு மழை என்றால் லண்டன்காரருக்கு அது கவிதை. கண்ணீர், கடல், பிரிவு என்று ஏதோ தோன்றும். டெல்டாக்காரன் காதில் விழுந்தால் அடிவயிறு கலங்கும். நெல்லுக்கு உப்பு எமன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கத்து வயல்களில் கடல் ஏறிவிட்டுப் போனதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே மாவட்டத்தில் வேதாரண்யம் உப்பளக்காரருக்கோ மழைதான் எமன். ஒரு நல்ல மழையில் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோய்விடும். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து விதி. ரெண்டையும் சேர்த்துத் தலைப்பு வைத்த பெண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பா அம்மா ஊரின் ரெண்டு பயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

*

இத்தனை வருஷம் கழித்து ஏன் இப்போது இந்தப் பாக்கி ஞாபகம் வந்தது என்று கேட்பீர்கள்.

போன மாதம் அத்தையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூர், அங்கிருந்து பஸ்ஸில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டித் திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமம். அத்தைக்கு 78 வயசு. சின்ன வயசில் ஒரு வயலின் வித்வானிடம் ஆறு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவர். கல்யாணத்தோடு சரி. மாமா வீட்டில் பெண்கள் பாடுகிற வழக்கம் இல்லை. அதற்காக அங்கே யாரும் தடுத்ததாகவும் அத்தை சொன்னதில்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அடுப்படியில் பாடிக்கொள்வார் என்று அவர் பெண் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மத்தியானம் கரண்ட் இல்லை. அத்தை தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் போனில் எதையோ தேடப்போய் இந்த ஆல்பம் கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் நண்பன் சிங்கப்பூரில் இருந்து சி.டி. அனுப்ப வேண்டியதில்லை. சும்மா, பழைய பகையாளியைப் பார்க்கிற மாதிரி, நகுமோமுவைப் போட்டேன். அத்தை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'இது என்னடா கண்றாவி' என்பார். என் 22 வயசு விமர்சனத்துக்கு ஒரு மூத்த சாட்சி கிடைக்கும்.

பாட்டு ஓடியது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கீரையை ஆய்கிற கை மட்டும் கொஞ்சம் மெதுவானது.

முடிந்ததும், "யாருடா இது?" என்றார்.

"லண்டன்ல இருக்காங்க அத்தை. அப்பா அம்மா தஞ்சாவூரு."

"மேடைல பாடறவளா?"

"பெரிய பெரிய மேடைல பாடறாங்க. ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, வீட்ல பாடற மாதிரி பாடறாளே."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மூன்று பக்கம் எழுதிய எனக்குப் பிடிபடாதது, வெளியே யாருக்கும் பாடிக்காட்டாத ஒரு பாட்டுக்காரிக்கு ஒரே தடவையில் பிடிபட்டுவிட்டது. இது கச்சேரிக்கான பாட்டு இல்லை. கேட்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு பாடும் பாட்டு. உலகத்தின் பாதி நல்ல பாட்டு அப்படித்தான் அடுப்படியிலும் கிணற்றடியிலும் பாடப்பட்டு, யார் காதிலும் விழாமல் போயிருக்கும்.

"சங்கதியெல்லாம் கொறைச்சுக்கிட்டா" என்றார் அத்தை, கீரைக்காம்புகளை ஒதுக்கிக்கொண்டே. "எங்க சார் இருந்தா வுட்டுருக்க மாட்டாரு. அந்த எடுப்புலயே நாலு சொல்லித்தந்தாரு."

"எப்படி அத்தை?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். அத்தை வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பொட்டிய மொதல்ல நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன்.